சிவப்புக்குக் காவல்

அந்த பிஸ்கட் கம்பெனியில் அவரைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஆளைப் பார்த்தால் கழுகுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தொப்பையும் தொங்கு மீசையுமாக, பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால்கூடத் தானே மன்னிப்புக் கேட்கிற பிறவி. கண் மட்டும்தான் கழுகு.

அவர் வேலை, பிஸ்கட் டப்பாவின் சிவப்பைப் பார்ப்பது. சிரிக்க வேண்டாம். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகூடக் கடையில் நின்று கையை நீட்டி அந்தச் சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். பக்கத்திலேயே பத்துக் கம்பெனி பிஸ்கட் அடுக்கியிருக்கும், ருசியிலும் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனாலும் கை அங்கேதான் போகும். வருஷக்கணக்காக ஒரே சிவப்பைக் காட்டிக் காட்டி ஊரைப் பழக்கி வைத்திருந்தார்கள். கட்டடம், மெஷின், லாரி எல்லாவற்றையும் விட அந்தச் சிவப்புக்குத்தான் மதிப்பு அதிகம் என்று முதலாளியே மேடையில் சொன்னார்.

அச்சகத்திலிருந்து வரும் ஒவ்வொரு கட்டு அட்டையும் ஜன்னலோரம் இருக்கும் அவர் மேஜைக்கு வரும். கறுப்பு உறையில் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் மாதிரி அட்டையை எடுத்து, புதியதைப் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். எள்ளளவு மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். சரியாக இருந்தால் தலையை ஒரு முறை ஆட்டி "மாத்தமில்ல" என்பார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் லாரி கிளம்பும். நிறம் அளக்க மெஷினும் இருந்தது. அதற்கும் அவருக்கும் சண்டை வந்தபோதெல்லாம், இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட மெஷின் ஜெயித்ததில்லை. அந்தத் தலைக்கனம்தான் கடைசியில் வினையாக வந்து விடிந்தது.

ஒரு நாள் வந்த கட்டைப் பார்த்து மெஷின் கூடாது என்றது, இவர் சரி என்றார். மெஷினுக்குத்தான் வயசாகிவிட்டது என்று கிண்டல் வேறு. பன்னிரண்டு லட்சம் டப்பா கடைக்குப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலில் கறுப்பு சாக்ஸும் மறு காலில் கருநீல சாக்ஸுமாக ஆபீஸுக்குக் கிளம்பியவரை மனைவி தரதரவென்று கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். இரண்டு கண்ணிலும் புரை. பழுப்பேறிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோலத்தான் அவர் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நீலம் சரியாக எட்டவே எட்டாது, தள்ளிப்போட்டால் புரை கெட்டிப்பட்டு ஆபரேஷனே சிக்கலாகிவிடும் என்றார் டாக்டர். கழுகுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. அவருடைய சிவப்பில் ஒரு துளி நீலம் உண்டு.

திரும்பும் வழியில் ஒரு டப்பா வாங்கினார். வீட்டில் ஊசி நூல் போட்டு வைத்திருந்த பழைய டப்பாவை எடுத்து இரண்டையும் மனைவியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்துவிட்டு, புதுசு ஆரஞ்சுப் பக்கம் ஓடுகிறதே என்றாள். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. வேலை போனால் போகட்டும், போய் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று மனைவிதான் தைரியம் சொன்னாள். ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதியும் வாங்கி வைத்தாள்.

விளம்பரப் பிரிவின் தலைவி அவரை விட இருபது வயது சின்னவள். இவர் வாயைத் திறப்பதற்குள் அவள் உட்காரவைத்து, மளமளவென்று கொட்டிவிட்டாள். அந்த டப்பா வந்த நாளிலிருந்து விற்பனை எகிறிவிட்டது. புதுச் சிவப்பில் ஒரு கதகதப்பு இருக்கிறதாம், ஜனங்கள் சொல்கிறார்கள். ஒரு பெரிய கம்பெனி நம்மை விலைக்குக் கேட்கிறது. மெஷின் வேண்டாமென்றதை ஒரு மனிதரின் கண் தேர்ந்தெடுத்தது என்ற கதைதான் அவர்களை மயக்கியிருக்கிறது. டப்பாவின் பின்பக்கம் அவர் படமே வரப்போகிறது.

கழுகு எல்லாவற்றையும் சொன்னார். சாக்ஸிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"யாருக்கெல்லாம் தெரியும் சார்?"

"டாக்டருக்கு. எங்க வீட்டுல."

"அதோட நிக்கட்டும்."

கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கதை பொய்யென்று தெரிந்தால் வாங்குகிறவர்கள் விலகிவிடுவார்கள், கடனுக்காக முதலில் இழுத்து மூடுவது இந்தத் தொழிற்சாலையைத்தான், முந்நூறு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என்றாள். ஒப்பந்தம் முடியும்வரை கண்ணாடி போடக் கூடாது, ஆபரேஷன் கூடாது. வாங்க வருகிறவர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டுவரை துருவுவார்கள்.

"ஒரு வருஷம்தான் சார். பாக்குற வேலைய மெஷின் செய்யும். நீங்க பாக்குற மாதிரி உக்காந்தா போதும்."

முந்நூறு குடும்பத்தைத் தலையில் தூக்கி வைத்தால் மனுஷன் என்ன செய்வான்? அவள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். எங்கே போடுவது என்று தெரியாமல் தடவியபோது, அவளே விரலை வைத்து இடத்தைக் காட்டினாள்.

மனைவி அன்றைக்குப் போட்ட சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டது. கண் யாருடையது என்று கேட்டாள்.

அந்த ஒரு வருஷம் முடிந்தது. இன்னும் ஆறு மாதம் என்றார்கள். கழுகு தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கோட்டு போட்ட ஆட்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அவர் அட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கினார், ஒரு பனிமூட்டத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், "மாத்தமில்ல" என்றார். கைதட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மனைவி அவரைக் கையைப் பிடித்து ஜன்னலருகே கூட்டிப்போய், தன் முகத்தை அவருக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"என்னைப் பாருங்க. நான் எப்படி இருக்கேன்?"

குரலில் ஒன்றும் காட்டவில்லை அவள். பழக்கம் விடுமா? அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் லேசாகத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். தலையை ஒரு முறை ஆட்டினார்.

"மாத்தமில்ல."

அவள் அழுதுகொண்டிருந்தாள்.