பெரியம்மாவுக்கு ஒரு சுள்ளி

வாந்தியைக் கண்டு நான் முகம் சுளிப்பதில்லை. ஏற்காடு டவுனில் மருந்துக்கடையில் வேலை செய்கிறவளுக்கு அது கட்டுப்படியாகாது. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறி வருகிறவர்கள் ஏரியைத் தேடும் முன் எங்கள் கடையைத்தான் தேடுவார்கள். சிலர் மாத்திரை கேட்பதற்குள் வாசலிலேயே வாந்தி எடுத்துவிடுவார்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். உடம்பு செய்வதை யார் என்ன சொல்ல முடியும். எனக்குக் குமட்டிய இடம் வேறு. நாகலூருக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் பேய்க்கதைப் பாதை ஒன்று போட்டிருக்கிறார்களே, அது.

அது எங்கள் ஊர்ப் பெண்கள் விறகுக்குப் போய்வந்த ஒற்றையடிப் பாதை. நான் பிறப்பதற்கு முன், அம்மாவின் அக்கா அந்தப் பாதையின் ஒரு திருப்பத்தில் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. பாம்பா, நெஞ்சடைப்பா, யாருக்கும் தெரியாது. கல்யாணம் ஆகாதவள். அன்றைக்கு விறகு சரியாகக் கிடைக்காமல் அரைச் சுமையோடுதான் திரும்பினாளாம். அதனால் அந்த வழியாகப் போகிற பெண்கள் தங்கள் விறகுக்கட்டிலிருந்து ஒரு சுள்ளியை உருவி அங்கே போட்டுவிட்டு நடப்பார்கள். அவள் சுமை நிறையட்டும், இருட்டுவதற்குள் அவளும் வீடு போய்ச் சேரட்டும் என்று. சூடமோ பொங்கலோ கிடையாது. வீட்டுக்கு வீடு கேஸ் வந்த பிறகும் கீழே கிடக்கிற ஒரு குச்சியைப் பொறுக்கிப் போடுவது நிற்கவில்லை. அடியில் இருப்பது மக்கும், மேலே புதுசு விழும். எப்போது பார்த்தாலும் குவியல் இடுப்பளவு இருக்கும்.

அந்தப் பாதை போகிற எஸ்டேட்டைப் புதிதாக வாங்கியவர்களுக்கு அந்தக் காட்டுத் துண்டில் காசு தெரிந்தது. ஊருக்குள் ஒருவரை அனுப்பினார்கள். அவர் டீக்கடையில் உட்கார்ந்து, இங்கே என்னென்ன கதை உண்டு என்று எல்லோரையும் விசாரித்தார். அம்மாதிரி ஆட்கள் கேட்டால் நம் ஆட்கள் வாய் ஓயாமல் சொல்வார்கள். சில மாதத்தில் பாதைக்கு வேலி வந்தது, கேட் வந்தது, சீட்டு வந்தது. மரத்துக்கு மரம் ஃபைபர் பொம்மைகள். கண்ணில் சிவப்பு லைட் வைத்த முனி. வாயில் பிளாஸ்டிக் தீ வைத்த கொள்ளிவாய்ப் பிசாசு. எங்கள் மலையில் யாரும் கேள்விப்படாத, சிறகு முளைத்த பன்றி ஒன்று.

என்னதான் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். பெரியம்மாவின் திருப்பத்தில் ஒரு பொம்பளைப் பொம்மை நின்றது. தொப்புள் தெரியும் சேலை, தொங்கும் நாக்கு, தலையில் விறகு. பக்கத்தில் ஆள் போனால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் கெக்கெக்கே என்று சிரித்தது. பலகையில் ‘விறகு மோகினி’ என்று எழுதி, ‘எதையாவது போட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் வீடுவரை பின்னால் வருவாள்’ என்று போட்டிருந்தார்கள். ஜனங்களும் எதையாவது போட்டிருந்தார்கள். சிப்ஸ் பாக்கெட், பீர் பாட்டில், பிரியாணி எலும்பு, குழந்தையின் மலத்தோடு சுருட்டிய டயப்பர். சுள்ளியே தெரியவில்லை. ஈ மொய்த்து, புழு நெளிந்து நாறியது. வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தேன். மாத்திரை விற்கிறவளுக்கு அன்றைக்கு மாத்திரை தேவைப்பட்டது.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்குக் கண்ணில் புரை. காட்டுப் பக்கம் போய் வருஷக்கணக்காகியிருந்தது. இந்த வருஷம் சேலத்தில் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த அன்றே ஆரம்பித்துவிட்டாள்.

“மொதல்ல எங்கக்காகிட்டப் போவோணும் கண்ணு. நொம்ப நாளாச்சு. என்னைய மறந்திருப்பா.”

மழை என்றேன், வழுக்கும் என்றேன். எதுவும் எடுபடவில்லை. கேட்டில் நான் சீட்டு வாங்குவதைப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாமா சீட்டு என்று முணுமுணுத்தபடி நடந்தாள். வழியெல்லாம் குச்சி தேடி, நேரான ஒன்றாகப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

திருப்பத்துக்கு வந்ததும் பொம்மை சிரித்தது. அம்மா நின்றுவிட்டாள்.

“யாரு சாமி சிரிக்கிறது?”

“பொம்மைம்மா.”

“இந்த எடத்துலயா?”

அங்கே இரண்டு பையன்கள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பலகையைச் சத்தமாக வாசித்தான். கணவன் கைவிட்டதால் காட்டில் உயிரை விட்டு, ஆண்களைப் பழிவாங்க அலைகிறவளாம். அம்மா முழுதும் கேட்டாள். பிறகு அவர்களிடம் மரியாதையாகவே சொன்னாள்.

“ஏனுங்க, எங்கக்காளுக்குக் கல்யாணமே ஆவலீங்க. எந்தப் புருசனுங்க உட்டுட்டுப் போனான்?”

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். “செமயா நடிக்கிறாங்கடா. ஆள் வேற செட் பண்ணியிருக்காங்க” என்றான் ஒருவன். பொம்மைக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ கொடுங்கள் என்று அம்மாவைக் கேட்டான். மற்றவன் குடித்து முடித்த ஜூஸ் பாட்டிலைக் குவியலில் எறிந்தான். “போட்டாச்சு பாட்டி. இனிமே பின்னாடி வர மாட்டாங்க.”

நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. அவர்கள் போய்விட்டார்கள்.

அம்மா கத்தவில்லை. கையிலிருந்த குச்சியை எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தாள். இடமில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, குப்பையை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். பக்கத்தில் காளான் மாதிரி செய்த குப்பைத்தொட்டி காலியாக இருந்தது. அதில் விரித்திருந்த பெரிய பையை உருவி நான் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டதுதான், தொட முடியவில்லை. அவள் வெறுங்கையால் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாள். அடியில் சுள்ளிகள் வந்தன. மக்காத நல்லதாகப் பார்த்துச் சேர்த்துக் காட்டுக்கொடியால் கட்டினாள். துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, தலையில் தூக்கிவிடச் சொன்னாள்.

“அக்காள ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயரலாம் கண்ணு. அவளுக்கு இந்த எடம் வேண்டாம்.”

இந்த வயதில் அந்தச் சுமையோடு அவள் ஒரு இடத்திலும் நிற்காமல் நடந்தாள். பின்னால் நாறும் பையோடு நான்.

கேட்டில் இருந்த காவலாளி கிளியூர்க்காரர், கடைக்கு வருகிறவர்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“குப்பையை எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போவும். வெறவு மட்டும் ஆவாதுங்கம்மா. காட்டுலருந்து ஒரு குச்சி வெளிய போவக் கூடாதுன்னு உத்தரவுங்க.”

“காட்டுதில்லீங்க. நாங்க போட்டதுங்க. எங்கக்காளுதுங்க.”

“தெரியுமுங்கம்மா. எங்கம்மாளும் போட்டிருக்குது.” மேலே இருந்த கேமராவைக் காட்டினார். “என்ற வேலை போயிருமுங்க.”

மேனேஜருக்குப் போன் போட்டுப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு அம்மாவின் தலையிலிருந்த கட்டைப் பிடித்தார்.

“எறக்காதீங்க” என்றாள் அம்மா. “எறக்கி வெச்சா அவ எந்திரிக்க மாட்டா.”

அவர் இறக்கி வைத்துவிட்டார். மெதுவாகத்தான் வைத்தார், தலையைக் குனிந்துகொண்டுதான் வைத்தார். ஆனாலும் அந்த மனிதர் மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை. மலத்தைக் கொண்டுபோகலாம், சுள்ளியைக் கொண்டுபோகக் கூடாது. இதைச் சட்டம் என்று ஒருவன் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறான்.

பையை வழியில் எறிந்துவிடலாம் என்றேன். அம்மா விடவில்லை. பஸ்ஸில் எங்களைச் சுற்றி எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். வீடு வந்ததும் குழாயடியில் பையைக் கொட்டச் சொன்னாள். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலக்கி விலக்கித் தேடினாள். டயப்பரில் ஒட்டிக்கொண்டு ஒரு விரல் நீளச் சுள்ளி வந்திருந்தது. அதை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, வாசல் ஓரத்தில் வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்தாள்.

“வந்துட்டா” என்றாள். “இன்னும் இருக்கும் பாரு.”

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நானும் அந்தக் குப்பைக்குள் கையை விட்டேன்.