தங்கையின் முகத்துக்கு ஒரு விளக்கு

அடுத்த அறையில் விம்மல் சத்தம் கேட்டதும் தையல்காரி மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். தாயில்லாத தங்கையைத் தைத்துத் தைத்தே வளர்த்தவள் அவள்.

"முகம் சரியா வரலன்னா பாட்டை வேற பொண்ணுக்குக் குடுத்துடுவாங்களாம், அக்கா!"

கல்லூரிப் பாட்டு வீடியோ எடுக்க வந்த வகுப்புத் தோழன் கையைப் பிசைந்தான். "எவ்வளவு லைட் போட்டாலும் கண்ணு இருட்டாவே இருக்குக்கா."

"உச்சந்தலையில வெளிச்சத்தைக் கொட்டினா பேய் மாதிரிதான் தெரிவா, தம்பி!"

துணியின் நிறத்தை ஜன்னலோரம் பார்த்தே பழகியவள், மேலே எரிந்த டியூப் லைட்டுகளை அணைத்தாள். தன் மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, அதன் முன்னால் வெள்ளை லைனிங் துணியைத் தொங்கவிட்டாள். தங்கையின் கண்கள் உயிர்பெற்றன.

பாட்டு முடிந்தது. "இவளேதான்க்கா, வேற யாரும் வேணாம்!" என்று சொல்லி அவன் கிளம்பினான். கதவைச் சாத்தி, அதன் மேலேயே சாய்ந்து நிம்மதிப் பெருமூச்சு விட்டாள் அக்கா.