சம்பந்தி மேலே போனார்

எங்கள் மலையில் இருப்பது இரண்டே லிஃப்ட். பெரிய லிஃப்டின் அடியில் நிற்பவள் சுமியே. பனிச்சறுக்க வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து உச்சிக்கு அனுப்புவது அவள் வேலை. மகள் ரிஹோ வயிற்றில் இருந்த குளிர்காலம் தவிர வேறெந்த வருஷமும் அவள் அந்த இடத்தை விட்டதில்லை.

ரிஹோவைக் கட்டிக்கொள்ளப் போகிற ஷுன்பெய், அப்பா குரோய்வாவைக் கூட்டிக்கொண்டு ஒசாகாவிலிருந்து வருவதாக இருந்தது. முதல் சந்திப்பு. "பெரிய பட்டணத்து மனுஷங்க. நம்மளப் பாத்துட்டு என்ன சொல்லுவாங்களோ" என்று, டிக்கெட் கொடுக்கும் என்னிடம் சுமியே புலம்பித் தீர்த்தாள்.

வந்த அன்றே குரோய்வா வாடகைச் சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு லிஃப்டடியில் நின்றார். "வயசுல நான் சறுக்காத மலையே இல்ல, சம்பந்தியம்மா. இதெல்லாம் எனக்கு வாசப்படி மாதிரி" என்றார். பிள்ளைகள் கேன்டீனில் ராமென் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுமியே அவரைத் தன் கையாலேயே உட்காரவைத்து அனுப்பினாள்.

அவர் உச்சியைத் தொட்டிருப்பார், பனிமூட்டம் இறங்கிவிட்டது. எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. லிஃப்டை நிறுத்தினோம். மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவரைக் காணோம். ஷுன்பெய் ஃபோன் போட்டான். மணி கேன்டீன் மேஜையில், அவருடைய பைக்குள் அடித்தது.

சுமியே தன் சறுக்குப் பலகையை எடுத்துவிட்டாள். மீட்புக்குழுத் தலைவர் இவாவோ, "நீ இரும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

"நான்தானே அனுப்பினேன்! எனக்குத் தெரியாத புதரா இந்த மலையில?" என்று சுமியேயும் பலகையை மாட்டிக்கொண்டு அவர்களோடு ஏறினாள்.

மேல் வளைவுக்கு அப்பால், ஒரு தேவதாரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றாராம் குரோய்வா. காலில் பலகைகள் இல்லை.

"அடி ஏதாச்சும் பட்டுச்சா?"

"இல்ல. ஆனா ஒண்ணு சொல்லணும், சம்பந்தியம்மா. எனக்குச் சறுக்கவே தெரியாது. இதுவரைக்கும் உக்காந்தே வழுக்கிட்டு வந்தேன்."

"பின்ன எதுக்குங்க அந்த அளப்பு அளந்தீங்க?"

"பொண்ணு வீடு பனி ஊரு. ஒண்ணும் தெரியாத ஆளுன்னு இளக்காரமா நெனச்சிடுவீங்களோன்னு பயம்."

சுமியே பனியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஐயோ, உங்களுக்குப் பயந்து எனக்கு ஒரு வாரமா சோறு எறங்கலைங்க!"

மீட்புக்குழுவின் சறுக்கு வண்டியில் படுக்க அவர் மறுத்தார். "பையன் பாப்பானே."

"பாக்கட்டும். அப்பா முழுசா வந்துட்டாருன்னு பாக்கட்டும். படுங்க."

பார்சல் மாதிரி கட்டி இறக்கினார்கள். ஷுன்பெய் ஓடிவந்து, "அறிவிருக்காப்பா உனக்கு?" என்று கத்தினான், கத்திக்கொண்டே அழுதான். ரிஹோ கொண்டுவந்த சூடான மிசோ சூப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, குரோய்வா கேன்டீனில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உண்மையைச் சொன்னார். இவாவோ சிரித்த சிரிப்பில் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

சாயங்காலம் சுமியே வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். சாப்பாடு முடிந்ததும், அடியில் கணப்பு வைத்த தாழ்ந்த மேஜைக்குள் காலை நீட்டிய குரோய்வா அப்படியே குறட்டை விட ஆரம்பித்தார்.

"சத்தத்தைப் பாரேன், சொந்த வீடு மாதிரி" என்று சொல்லிக்கொண்டே சுமியே அவர்மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.