கூடத்துத் தரைக்கடியில் ஈயக்குழாய்

மேவிஸ் ஹோல்ராய்டை நகரச் சொல்லித் தோற்றவர்கள் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் நிறைய உண்டு. பொம்பளைக்கு இந்த மேட்டுச்சாலை சரிப்படாது என்ற டிப்போக்காரர்கள் நடுவே இருபத்தாறு வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவளைச் சொந்த வீட்டுக் கூடத்திலேயே ஒதுங்கச் சொன்னால் விடுவாளா?

சொன்னவன் செத்துப்போன கணவனின் தம்பி கிளைவ். கட்டட வேலைக்காரன், வேலை சுத்தம், வாய்தான் நீளம். உளுத்த தரைப்பலகைகளை அவன் பெயர்த்தபோது அடியில் கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிறக் குழாய் ஒன்று கிடந்தது. ஈயம். வீட்டுக்குள் கேஸ் விளக்கு எரிந்த காலத்துச் சங்கதி. வீட்டுக்கு கேஸ் வரும் மீட்டரை மூடினான், அடுப்பு அணைந்தது. குழாய் செத்த குழாய் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு மின்ரம்பத்தைக் கையில் எடுத்தான்.

மேவிஸ் ஒரு நாற்காலியை இழுத்து, குழாய்க்கு நேர் மேலே போட்டு உட்கார்ந்துவிட்டாள். உரிமம் உள்ள கேஸ்காரர் வந்து பார்க்காமல் ஒரு கீறல் விழக்கூடாது என்றாள்.

"முப்பது வருஷமா நான் பாக்காத குழாயா அண்ணி? உங்களுக்குத் தெரிஞ்சது பஸ்ஸு. அதோட நிறுத்திக்குங்க."

"இது எங்க போய் முடியுதுன்னு தெரியுமா ஒனக்கு? தெரியாதுல்ல. அப்ப வாய மூடிட்டு டீயக் குடி."

டீயைத் தொடாமலே போய்விட்டான். அன்று மாலைக்குள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் வந்து, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பதைப் பக்குவமாகச் சொன்னார்கள். மேவிஸ் மூன்று நாள் பெயர்ந்த தரையோரம் நடந்து, அடுப்பு மூட்டாமல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றாள். அவன் சொன்னதே சரியாகிவிட்டால் ஊரே சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும், வீடு இருக்கும் அல்லவா?

நான்காம் நாள் கேஸ்காரர் வந்தார். வேடிக்கை பார்க்கக் கிளைவும் வந்தான். மீட்டர் மூடியேதான் இருந்தது. அந்தக் காலத்து விளக்கு இருந்த குழாய் முனையில் கேஸ்காரர் அழுத்தமானியை மாட்டினார். முள் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. குழாயில் கேஸ் இருந்தது; வந்தது சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து. இரண்டு வீட்டுக்கும் எந்தக் காலத்திலோ யாரோ போட்ட இணைப்பு.

பக்கத்து வீட்டில் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வா என்று மேவிஸ் கிளைவையே அனுப்பினாள். அவன் பேயறைந்தவன் போலத் திரும்பி வந்தான்.

"அந்தப் பொண்ணு கொழந்தைக்குப் பால் காய்ச்சிட்டிருக்கா அண்ணி. நான் மட்டும் அன்னைக்கு அறுத்திருந்தா..."

"நான்தான் விடலையே" என்றாள் மேவிஸ்.