பின்லாந்தும் நெளுக்குளத்துக் காணியும்

மேடையேறி மொழிக்காகப் பேசுவது, தொண்டையை முதலாகப் போட்டு நடத்தும் தொழில். அதில் தேய்ந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்த காலத்தில் வன்னியில் நான் பேசாத சந்தி இல்லை. பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மிச்சப் படிப்பு முழுவதும் துண்டுப்பிரசுரம். அப்படி ஒன்றில்தான் பின்னோ-உக்ரிய மொழிகளைப் பற்றி அறிந்தேன்.

தூரத்துச் சொந்தம்

கிளிநொச்சிச் சந்தையடியில் ஒரு மணி நேரம் பேசினேன். பின்னிஷ், எஸ்தோனியம், அங்கேரியம் மூன்றும் ஒரு குடும்பம். சுவீடிஷ், ரஷ்யம், ஜெர்மன் என்று பெரிய மொழிகள் நெருக்கியும் கரையவில்லை. பின்லாந்து அரசாங்க அலுவலகங்களில், அங்கத்தைய கந்தோர்களில், பின்னிஷுக்கும் இடமுண்டு, சுவீடிஷுக்கும் இடமுண்டு என்றேன். இந்தக் குடும்பத்துக்கும் தமிழுக்கும் உறவு இருக்கலாம் என்று சில அறிஞர்கள் ஐயப்பட்டிருந்தார்கள். நான் ஐயமில்லாமல் சொன்னேன். முன்னால் நின்ற, குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்யும் ஒருவர் கையை உயர்த்தினார்.

“அவையள் எங்கட சொந்தமெண்டால், வாய்க்காலுக்குத் தண்ணி திறக்கச் சொல்லி ஒரு கடிதம் போடுங்கோ அண்ணை.”

இரவல்

இதையெல்லாம் சிறுநூலாக எழுதி வவுனியாவில் அச்சுக்குக் கொடுத்தேன். பின்லாந்துக்காரர் அயலாரிடம் ஒரு சொல்லும் வாங்கவில்லை என்பது அதன் முதல் வரி. அச்சேறிய பிறகு பளையிலிருந்து ஒரு வாத்தியார் எழுதினார்: அவர்கள் ஏராளமாக வாங்கியிருக்கிறார்கள், அம்மாவைக் குறிக்கும் சொல்லே பழைய ஜெர்மானிய மொழி ஒன்றிலிருந்து வந்தது. பிழைதிருத்தம் போடலாமா என்று அச்சுக் கோப்பவரிடம் கேட்டேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“தாயையே இரவல் வாங்கின ஆக்கள். மிச்சத்தை என்னெண்டு திருத்துறது?”

சிங்களக் கடிதம்

நெளுக்குளத்துச் செல்லையா, பத்து வருடத்துக்கு முன் காடு வெட்டி வயலாக்கியவர். காணிக் கந்தோரிலிருந்து சிங்களத்தில் வந்த கடிதத்தை, மொழி ஆராய்ச்சிக்காரன் என்று என்னிடம் கொண்டுவந்தார். எனக்குச் சிங்களத்தில் ஓரெழுத்தும் தெரியாது; படிப்பதில்லை என்று மேடையில் சபதம் செய்திருந்தேன். என்னோடு சபதம் செய்த தலைவர்கள் தங்கள் பிள்ளைகளைச் சிங்கள வகுப்புக்கு அனுப்பினார்கள். நான் சொன்ன சொல்லில் நின்றேன்.

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் புடவை விற்க வரும் காசிம் நானா வாசித்துச் சொன்னார்: நாளைக்கு விசாரணை, போகாவிட்டால் காணி வேறொருவருக்கு. போகக் கூடாது, தமிழில் எழுதும்படி கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன். எங்கள் கட்சியின் முடிவும் அதுதான். செல்லையாவின் மனைவி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

“காணி கைக்கு வரட்டும் அண்ணை. அதுக்குப் பிறகு திருப்பி அனுப்புவம்.”

விசாரணை

செல்லையா, நானா, நான் மூவரும் போனோம். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. செல்லையா வாய் திறக்குமுன் நான் எழுந்து, பின்லாந்தில் தொடங்கிப் பத்து நிமிடம் பேசினேன். நானா அதைச் சிங்களத்தில் ஒரே வசனத்தில் சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டுப் பத்திரத்தில் முத்திரை குத்தினார். காணி செல்லையாவுக்கே. இவ்வளவையும் எப்படி அத்தனை சுருக்கமாகச் சொன்னீர்கள் என்று வெளியே வந்து நானாவைக் கேட்டேன்.

“அதெங்கை சொன்னனான்? இந்தாள் பத்து வருசமா அதிலை விதைக்கிறார், அயல் முழுக்கச் சாட்சி எண்டு மட்டும் சொன்னனான்.”

என் பேச்சால் வன்னியில் ஒருவருக்கு உரிமை கிடைத்ததென்று நான் சத்தியம் பண்ணக்கூடியது அந்த ஒன்றுதான், அதுவும் மொழிபெயர்க்கப்படாத பேச்சு.