கர்ணத்தின் தூரம்

மகள் ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்ததும் பென்சில் சீவலின் வாசனை வந்தது.

"செங்கோண முக்கோணம்மா. மூணு, நாலுன்னா கர்ணம் அஞ்சு, சரியா?" என்றாள்.

மலை ஊரான மன்னவனூரில் நான் எட்டாவது படித்த மழைக்காலம். அம்மா மூச்சு விட முடியாமல் கிடந்தாள். மண் சரிந்து பஸ் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோடு கிழக்கே மூன்று கிலோமீட்டர் போய், வடக்கே திரும்பி நான்கு போகும். அந்த வாரம் படித்த கணக்கை நோட்டில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். "குறுக்க போனா அஞ்சுதாம்ப்பா. ரெண்டு மிச்சம்."

"குறுக்க பள்ளம் கெடக்குண்ணே. ரோட்டுலயே வெரசா போயிரலாம்" என்றார் சித்தப்பா.

எங்கள் ஊரில் தூரத்தை நேரத்தால்தான் சொல்வார்கள். அப்பா அந்த மலையைக் காலால் அறிந்தவர். ஆனாலும் என் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படிச்ச புள்ள சொல்லுது. தூக்குடா."

கம்பளியில் டோலி கட்டித் தூக்கினார்கள். பள்ளத்தில் இறங்கி, ஓடையைக் கடந்து, வழுக்கும் சரிவில் ஏறினோம். தாளில் இல்லாத இறக்கமும் ஏற்றமும் அரை நாளைத் தின்றன. ஆஸ்பத்திரிக் கூரை கண்ணில் பட்டபோது அம்மாவின் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது.

அப்பா திரும்பும்போது அம்மாவை ரோட்டு வழியாகவே தூக்கி வந்தார். ஏழு கிலோமீட்டரும் நான் பின்னால் நடந்தேன்.

"அம்மா, அஞ்சுதானே?" மகள் மறுபடி கேட்டாள்.

"அஞ்சுதான்" என்றேன். அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.