கங்காணி வீட்டுக்குப் போன கஞ்சி

மரகதம் அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகன் சுங்கைப் பட்டாணியிலிருந்து போன் செய்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அம்மா தூக்கத்திலேயே போயிட்டாங்க, சின்னம்மா" என்றான். மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் அக்காவுக்குப் பிடிக்காது.

உங்களில் பலருக்கு அவரைக் கோயில் அன்னதானத்தில் கரண்டி பிடித்தவராகத்தான் தெரியும். எனக்கு ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்திலிருந்தே தெரியும். சிடாம் கிரிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில், தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதினேழு வயது இருக்கும். எனக்குப் பத்து.

சயாமில் ரயில் பாதை போட ஆம்பிளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போன வருடம் அது. என் அப்பாவும் போனார். பேர் எழுதிக் கொடுத்தவர் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய கங்காணி. தன் தம்பி பேரை விட்டுவிட்டு என் அப்பா பேரைக் கொடுத்தார். லாரி எந்த மரத்தடியில் நின்றது, அப்பா என்ன சட்டை போட்டிருந்தார், கங்காணி வெற்றிலையை எந்தப் பக்கம் துப்பினார், எல்லாம் இன்றைக்கும் சொல்வேன்.

அதற்குப் பிறகு நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் காய்ச்சலும் கால் புண்ணும் வந்தன. என் அம்மா புண்ணோடு படுத்துவிட்டார். அக்கா கொட்டகை அடுப்பில் மரவள்ளிக் கஞ்சி காய்ச்சி, படுத்துக் கிடந்தவர்கள் வீடுகளுக்குப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார். ஒரே ஒரு விதி. தன் வீட்டுக்குத் தானே கொண்டுபோகக் கூடாது. என் அம்மாவுக்கு வேலம்மா கொண்டுபோவாள், வேலம்மாவின் பாட்டிக்கு நான். "உன் வீட்டுக்கு நீ செய்யறது வீட்டு வேலை. அதுக்கு நான் எதுக்கு?" என்பார்.

யாரையும் பேர் சொல்லி ஏவமாட்டார். தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னார் வீட்டுக்கு யாராச்சும் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். ஒருநாள் வேலம்மா பொறுக்க முடியாமல், "நீங்களே ஆளைச் சொல்லிடுங்க லா அக்கா, நேரமாவுது" என்றாள். "பேர் கொடுத்து ஆள அனுப்புறதத்தான் பார்த்தாச்சே. இங்க அது வேணாம்" என்றார் அக்கா.

அடுத்த லாரியில் கங்காணியையே ஏறச் சொன்னார்கள் ஜப்பான்காரர்கள். அவர் பாலிங் பக்கம் ஓடி ஒளிந்துகொண்டார். அவர் மனைவி காய்ச்சலில் தனியாகக் கிடந்தார். அன்றைக்குக் கஞ்சியின் முதல் சட்டியை நிரப்பிக்கொண்டு, "கங்காணி வீட்டுக்கு யாராச்சும் போறீங்களா?" என்று அக்கா கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "எங்கப்பா பேரக் கொடுத்தவன் வீட்டுக்கு எவ போறான்னு பார்க்கறேன்."

ஒரு பிள்ளையும் அசையவில்லை. என் வாய்க்கு அவ்வளவு பயந்தார்கள். அக்கா திட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அடுப்பப் பார்த்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரே நடந்தார். கங்காணி வீடு மேட்டில் இருந்தது. போய்வர நேரமாகும்.

நான் கரண்டியைத் தொடவில்லை. வேண்டுமென்றேதான். கங்காணி மேல் இருந்த கோபமெல்லாம் அந்தப் பானை மேல் திரும்பிவிட்டது. கஞ்சி அடிப்பிடித்துத் தீய்ந்துபோனது. மறுபடி காய்ச்ச மரவள்ளி இல்லை. எல்லா வீட்டுக்கும் தீய்ந்த கஞ்சியே போனது. வேலம்மா கொண்டுவந்ததை என் அம்மா இரண்டு மடக்குக் குடித்துவிட்டு ஒதுக்கி வைத்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளும் அக்கா சட்டியை நிரப்பினார். முதல் நாள் கேட்டதைப் போலவே கேட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். எழுந்து சட்டியை வாங்கிக்கொண்டேன்.

கங்காணி மனைவி படுத்தபடியே, "யார் மவ நீ?" என்று கேட்டார். அப்பா பேரைச் சொன்னேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"உங்கிட்ட வாங்கிக் குடிக்க எனக்கு என்ன முகம் இருக்கு? எடுத்துட்டுப் போ தாயி."

"நீங்க குடிக்கலன்னா நாளைக்கு அக்காதான் நடக்கணும். அங்க கஞ்சி தீயும். குடிங்க."

குடித்தார். சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் எழுந்து நடமாடும்வரை அந்த வீட்டுக்கு நான்தான் போனேன்.

அக்காவிடம் கறாராகச் சொல்லியும் வைத்தேன். "கஞ்சி கொடுக்கறேன். ஆனா மன்னிக்கல."

"மன்னிக்கச் சொல்லி நான் கேட்டேனா? கஞ்சிக்குத்தானே ஆள் கேட்டேன்" என்று சிரித்தார்.

அம்மா பிழைத்தார். ஒரு கால் மட்டும் கடைசிவரை இழுத்துக்கொண்டே இருந்தது. அப்பா திரும்பவில்லை. கங்காணியை நான் மன்னிக்கவும் இல்லை, அவர் சாவுக்குப் போகவும் இல்லை. அக்கா அதை ஒருமுறைகூடக் குறையாகச் சொன்னதில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று, அக்கா இருந்த தெருவில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் இரண்டு பேருக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டியிருந்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். ஒருத்தியைப் பேர் சொல்லி அனுப்ப நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "யாராச்சும் போறீங்களா?" என்று கேட்டேன்.

கேட்பது யாருக்கும் வரும். கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பதைத்தான் அக்காவிடமிருந்து நான் கற்று வைத்திருக்கிறேன். என் வாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

நின்றேன்.